பகீரென்றதா, திடுக்கிட்டாளா?

ஈரத்தூரிகை

ஒரு சிறுகதையைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு பெண் வேலை முடிந்து தனியாக வீடு திரும்புகிறாள். கைப்பையில் சாவியைத் துழாவிக்கொண்டே வாசலுக்கு வந்து நிமிர்ந்தால், பூட்டு திறந்தபடி கொண்டியில் தொங்குகிறது. உள்ளே விளக்கு எரியவில்லை, சத்தமும் இல்லை. அந்த இடத்தில் 'அடிவயிறு பகீரென்றது' என்று எழுதியிருந்தேன்.

படித்துப் பார்த்த நண்பர், "பகீர் எல்லாம் பேச்சுவழக்கு, செய்தித் தலைப்பு வாடை அடிக்குது, 'திடுக்கிட்டாள்' என்று போடு" என்கிறார். போட்டுப் பார்த்தேன். எங்கேயோ இடிக்கிறது. இரண்டும் திடீர்ப் பயத்துக்கான சொற்கள்தானே, அகராதியும் இரண்டுக்கும் அச்சக்குறிப்பு என்கிற பாணியில்தானே பொருள் தருகிறது? பிறகு ஏன் இடிக்கிறது? உங்கள் காதுக்கு எது சரியாகப் படுகிறது?

பழைய பேப்பர்

நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பகீர் தகவல், பகீர் வாக்குமூலம், பகீர் பின்னணி, பகீர் கிளப்பும் சிசிடிவி காட்சி. தினமும் இதைப் பார்த்துப் பார்த்து அந்தச் சொல்லே மரத்துப்போய்விட்டது. எனக்கெல்லாம் தலைப்பில் 'பகீர்' என்று கண்டால் உள்ளே ஒன்றும் இருக்காது என்ற நிம்மதிதான் வருகிறது. மாற்றிவிடுங்கள்.

ஒற்றெழுத்து

மாற்றாதீர்கள். பிழை திருத்துவதுதான் என் பிழைப்பு, இந்த இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிப் போடுகிறவர்களோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு.

திடுக்கிடுவதற்கு எதுவும் புரிய வேண்டியதில்லை. பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டால் திடுக்கிடுவோம். குக்கர் விசிலடித்தால், கதவு காற்றில் அறைந்து சாத்தினால் திடுக்கிடுவோம். என்ன ஏது என்று மூளைக்கு எட்டும் முன்பே உடம்பு துள்ளிவிடும். 'தூக்கிவாரிப் போட்டது' என்பதும் இந்த வகைதான்.

பகீர் அப்படி இல்லை, அதற்கு ஒன்று புரிந்தாக வேண்டும். பேருந்திலிருந்து இறங்கிச் சட்டைப் பையைத் தடவுகிறோம், போன் இல்லை. தேர்வு மண்டப வாசலில் கோப்பைத் திறக்கிறோம், ஹால் டிக்கெட் இல்லை. மேலாளரைத் திட்டி எழுதியது மேலாளர் இருக்கும் குரூப்புக்கே போயிருக்கிறது, அதுவும் இரண்டு நீல டிக்கோடு. இங்கெல்லாம் எந்தச் சத்தமும் இல்லை, எதுவும் அசையக்கூட இல்லை. ஆனாலும் ஒரு கணக்கு மனதில் கூட்டி முடிகிறது, முடிந்த நொடியில் வயிறு பகீர் என்கிறது.

சோதித்துப் பாருங்கள். 'பட்டாசு வெடித்ததும் வயிறு பகீரென்றது.' ஏதோ உதைக்கிறதல்லவா? இப்போது இதைப் படியுங்கள்: 'பட்டாசு வெடித்த பக்கம்தான் பிள்ளை விளையாடப் போயிருக்கிறான் என்று நினைவு வந்ததும் பகீரென்றது.' சரியாகிவிட்டது. வெடித்தது அதே பட்டாசுதான்.

உங்கள் கதையில் பூட்டு சத்தமில்லாமல் தொங்குகிறது. அவள் பார்க்கிறாள், புரிந்துகொள்கிறாள். அது பகீருக்கே உரிய இடம்.

பழைய பேப்பர்

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நிற்காது ஐயா. 'பகீர் தகவல்' வருவதற்கு முன்னால் இதே பத்திரிகைகளில் 'திடுக்கிடும் தகவல்' என்றுதான் போட்டார்கள். தகவல் என்பது புரிந்துகொள்ளும் சமாச்சாரம்தானே? 'மரணச் செய்தி கேட்டுத் திடுக்கிட்டார்' என்று எத்தனை இடத்தில் படித்திருக்கிறோம். அங்கே யார் தோளைத் தொட்டார்கள்?

ஒற்றெழுத்து

நல்ல கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். திடுக்கிடு அகலமான சொல், சத்தத்துக்கும் வரும், செய்திக்கும் வரும். பகீர் குறுகலான சொல். அதனால்தான் பகீர் வரும் இடத்தில் திடுக்கிட்டதைப் போட்டால் பொருள் கெடுவதில்லை, கொஞ்சம் சப்பென்று ஆகிவிடுகிறது. திடுக்கிட்ட எல்லா இடத்திலும் பகீரைப் போட முடியாது. ஈரத்தூரிகைக்கு இடித்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். பிழையாக இருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பார்.

சும்மா_இரு

இவ்வளவு பெரிய ஆராய்ச்சியா 😄 எங்க பசங்க மத்தியில பகீர்னு யாரும் சொல்றதில்ல. 'ஒரு நிமிஷம் ஜெர்க் ஆயிட்டேன்', 'அல்லு விட்ருச்சு', இல்லன்னா 'பக்குன்னு ஆயிருச்சு'. பகீர் எங்க அம்மா சொல்றது. "நீ போன எடுக்கலன்னதும் எனக்கு பகீர்னு ஆயிருச்சுடா" அப்படின்னு.

கோடிட்ட இடம்

தம்பி போகிற போக்கில் நல்ல விஷயம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். 'பக்', 'பகீர்' இரண்டும் இருக்கின்றன. இதே மாதிரி ஜோடிகளை அடுக்கிப் பாருங்கள்: குப் – குபீர், சுள் – சுளீர், சுர் – சுரீர், பக் – பகீர். ஒற்றில் முடியும் குட்டி வடிவம் ஒன்று, 'ஈர்' ஒட்டி நீண்ட வடிவம் ஒன்று. வெயில் 'சுள்'ளென்று அடிக்கும், சாட்டையடி 'சுளீர்' என்று விழும். குட்டி வடிவம் சும்மா நிகழ்வதைச் சொன்னால், ஈர் வடிவத்தில் அதே நிகழ்வு இன்னும் கூர்மையாகி உள்ளே இறங்குகிறது. 'பளீர்', 'திடீர்' எல்லாம் இந்தக் கூட்டம்தான். திடீர், திடும், திடுக், திடுதிப் என்று ஒரு குடும்பமே இருக்கிறது.

இன்னொன்று. 'பக்'குக்கு வேலை அதிகம். பக்கென்று சிரிக்கலாம், தீ பக்கென்று பற்றலாம், மனசு பக்கென்று ஆகலாம். குபீரும் அப்படித்தான், சிரிப்பும் தீயும் வியர்வையும் குபீரென்று வரும். ஆனால் 'பகீரென்று சிரித்தாள்' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு மறுக்கும். பகீர் முழுக்க முழுக்கப் பயத்துக்கு எழுதி வைத்த சொத்து. இன்ப அதிர்ச்சி உண்டு, இன்பப் பகீர் கிடையாது.

வேர்ப்பித்தன்

பகு என்றால் பிளத்தல். நெஞ்சு பிளப்பது போல் இருப்பதால் பக், பகீர். இது தெரியாமல் ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்?

கோடிட்ட இடம்

இப்படிப் போனால் குபீருக்கும் சுளீருக்கும் ஆளுக்கொரு வேர் தேட வேண்டிவரும். ஒலிக்குறிப்புச் சொல் காதிலிருந்து பிறக்கிறது, அதற்குப் பட்டா தேட வேண்டாம் என்பது என் கட்சி. பேரகராதியே இந்த வகைச் சொற்களை 'எனல்' சேர்த்துத் தலைச்சொல்லாக்கி, குறிப்பு என்று சொல்லி நகர்ந்துவிடுகிறது.

இரவுப்பணி

செவிலியர் நான், இலக்கணம் தெரியாது. ஆனால் ஒற்றெழுத்து சொன்ன பிரிவு உடம்பிலும் அப்படியே இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

சத்தத்துக்குத் திடுக்கிடுவது அனிச்சைச் செயல். மூளைத்தண்டு மட்டத்திலேயே நடந்து முடிந்துவிடும். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் இமை மூடி, கழுத்தும் தோளும் இறுகிவிடும். யோசனைக்கு அங்கே வேலையே இல்லை. பிறந்த குழந்தை தூக்கத்தில் கையை விரித்து உதறும் பாருங்கள், "புள்ள தூக்கத்துல திடுக்கு திடுக்குனு தூக்கிப் போடுது" என்று தாய்மார் பதறிக்கொண்டு வருவார்கள். அதற்கு மோரோ அனிச்சை என்று பெயர். அது பயம் இல்லை, ஆரோக்கியத்தின் அடையாளம். 4 முதல் 6 மாதத்துக்குள் தானாக மறைந்துவிடும். குழந்தைக்குத் திடுக் உண்டு, பகீர் கிடையாது. இழக்க என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பகீர் வரும்.

ஆபத்து என்று மனதுக்குப் பட்ட பிறகு நடப்பது வேறு. பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி வேலையைத் தொடங்குகிறது, இதயம் வேகமெடுக்கிறது. குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்து தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. வயிற்றுக்குள் ஏதோ கழன்று கீழே போவது போன்ற அந்த உணர்ச்சி இந்தக் கலவரத்தோடு வருவது. அதனால்தானோ என்னவோ நம் ஆட்கள் எல்லாவற்றையும் வயிற்றிலேயே வைத்திருக்கிறார்கள். அடிவயிறு பகீரென்றது, வயிற்றைக் கலக்கியது, வயிற்றில் புளியைக் கரைத்தது.

பனையோலை

நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் பகீர் கதைகளில வாசிக்கிறதுதான், வாயில பெரிசா வராது. 'நெஞ்சு திக்கெண்டுது', 'பக்கெண்டு போச்சு' எண்டுதான் சொல்லுவம். அதோட 'ஏங்கிப் போனன்' எண்டொரு சொல் இருக்கு. தமிழ்நாட்டு ஆக்களுக்கு ஏங்கிறது எண்டா ஆசைப்பட்டுக் கிடைக்காமல் தவிக்கிறது. எங்களுக்கு அது திடீரெண்டு பயந்து உறைஞ்சு போறதும்தான். 'பிள்ளை ஏங்கிப் போச்சு' எண்டால் பொம்மைக்கு ஏங்கினது எண்டு நினைச்சிடாதேங்கோ.

மற்றது, நீங்கள் மிரட்டுறீங்கள், நாங்கள் வெருட்டுறம். வயலில நிக்கிற பொம்மைக்குப் பேரே வெருளி. திருக்குறளில 'வெருவந்த செய்யாமை' எண்டு ஒரு அதிகாரமே இருக்குத்தானே, 57ஆவது. அந்த வெரு எங்கட வாயில இன்னும் சாகேல்லை.

சும்மா_இரு

வெருளி செம பேரு அண்ணா. எங்க ஊர்ல சோளக்கொல்ல பொம்ம தான்.

ஏட்டுச்சுவடி

தாமதமாக வருகிறேன். எல்லாரும் இத்தனை சொல்லியும் ஒரு பாட்டை யாரும் எடுக்காதது ஆச்சரியம். குறுந்தொகை 157, அள்ளூர் நன்முல்லையார் பாடியது. மொத்தமே நான்கு அடி:

குக்கூ என்றது கோழி அதனெதிர்
துட்கென் றன்றென் தூஉ நெஞ்சம்
தோள்தோய் காதலர்ப் பிரிக்கும்
வாள்போல் வைகறை வந்தன்றால் எனவே

கோழி குக்கூ என்றது, அதற்கு எதிராக என் நெஞ்சு துட்கென்றது. தோளோடு சேர்ந்திருக்கும் காதலரைப் பிரிக்கிற வாள் மாதிரி விடியல் வந்துவிட்டதே என்று.

ஒற்றெழுத்து போட்ட கோட்டுக்கு இந்தப் பாட்டில் என்ன இடம் என்று பாருங்கள். சத்தம் வருகிறது, உடனே நெஞ்சு அதிர்கிறது. முதல் இரண்டடியோடு நிறுத்தினால் இது குக்கர் விசில் கணக்கு, வெறும் திடுக். ஆனால் அடுத்த இரண்டடி காரணம் சொல்கிறது. அவள் அஞ்சியது கோழிக்கு அல்ல, கோழி சொன்ன சேதிக்கு. கூவல் காதில் விழுந்து, விடிந்துவிட்டது என்று புரிந்து, இனி இவன் எழுந்து போய்விடுவான் என்று கணக்குக் கூட்டி முடித்த பிறகுதான் நெஞ்சு துட்கென்கிறது. அத்தனையும் ஒரு கூவலுக்குள் நடந்து முடிகிறது. நான் உரை எழுதினால் துட்கென்றது என்பதற்குப் 'பகீரென்றது' என்றுதான் எழுதுவேன். பேச்சுவழக்கு என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். கோழியும் 'என்றது', நெஞ்சும் 'என்றது'. கோழி சொன்னது உண்மையான ஒலி, நெஞ்சு சொன்னது யாருக்கும் கேட்காத ஒலி. இரண்டையும் ஒரே வினையில் கட்டியிருக்கிறார். 'பகீர் என்றது' என்று நாம் பேசும் அமைப்பு சங்கப் பாட்டிலேயே இருக்கிறது, உள்ளே இருக்கும் ஒலி மட்டும் துட்கிலிருந்து மாறியிருக்கிறது.

கோடிட்ட இடம்

அடடா. தொல்காப்பியம் இடையியலிலும் இதற்கு இடம் உண்டு. 'வினையே குறிப்பே இசையே பண்பே' என்று தொடங்கி, என என்ற சொல் எதெதோடு சேர்ந்து வரும் என்று வரிசை போடுகிறது. இசை என்றால் காதில் விழும் ஒலி, ஒல்லென ஒலித்தது என்பது போல. குறிப்பு என்றால் மனதுக்குள் நிகழ்வது. அதற்கு உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டே 'துண்ணெனத் துடித்தது' என்பதுதான், நம் இழையின் பொருள்! உங்கள் பாட்டில் கோழி இசை, நெஞ்சு குறிப்பு.

பழைய பேப்பர்

சங்கப் பாட்டையே இறக்கிவிட்டீர்கள், இனி நான் என்ன பேச. ஆனால் என் முதல் புகார் அப்படியே இருக்கிறது. துட்கென்றது நெஞ்சு. பகீரென்றது வயிறு. 'பகீர் தகவல்' என்கிறபோது யாருடைய வயிறு? தகவலுக்கு ஏது வயிறு?

ஒற்றெழுத்து

அமைப்பில் பிழை இல்லை. திடீர் மழை, குபீர் சிரிப்பு, பளீர் வெள்ளை எல்லாம் 'என்று' உதிர்ந்து பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டவைதான். பகீரும் அதே வழியில் போயிருக்கிறது. ஆனால் போனதில் ஒரு நஷ்டம் உண்டு, அதை நீங்கள் சரியாகப் பிடித்தீர்கள். மழை உண்மையிலேயே திடீரென்று வருகிறது, சிரிப்பு உண்மையிலேயே குபீரென்று கிளம்புகிறது. தகவல் பகீரென்று எதுவும் செய்வதில்லை. நமக்கு வர வேண்டிய உணர்ச்சியைத் தலைப்பு எழுதுகிறவர் முன்கூட்டியே தகவலின் நெற்றியில் ஒட்டிவிடுகிறார். கெட்டது அந்த 'பகீர்'தான், கதையில் வரும் பகீர் அல்ல.

அலமாரி

பீதி, கிலி, திகில் எல்லாம் எங்கே போயின? அவையும் திடீர்ப் பயம்தானே.

கோடிட்ட இடம்

சேரும் வினையைப் பாருங்கள், தன்னால் பிரிந்துவிடும். கிலி 'பிடிக்கும்', பிடித்தால் லேசில் விடாது. பீதி 'பரவும்', அதற்கு ஒரு கூட்டம் வேண்டும். வடமொழிச் சொல், பேச்சில் 'சும்மா பீதியக் கெளப்பாத' என்று கேலிக்கு இறங்கிவிட்டது. திகிலை 'அடையலாம்', ஆனால் இப்போது அது ஒரு வகைப் படத்துக்கும் கதைக்கும் பெயராகிவிட்டதால் வாழ்க்கையில் யாருக்கும் திகில் வருவதாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டிலும் இந்தச் சொல் இருக்கிறது. கன்னடத்தில் திகிலு என்றால் பயம், தெலுங்கில் திகுலு என்றால் பெரும்பாலும் கவலை, மனச்சோர்வு.

பயத்துக்கு 'தெளியும்' உண்டு. 'பயம் தெளிஞ்சுதா?' என்று கேட்கலாம். பகீர் தெளிந்ததா என்று கேட்க முடியாது. அது ஒரு நொடி, வந்த வேகத்தில் முடிந்துவிடும். அதற்குப் பின்னால் தங்குவதுதான் பயம்.

அலமாரி

'நெனச்சாலே பகீர்னு இருக்கு' என்கிறோமே, அது தங்குவதில்லையா?

கோடிட்ட இடம்

'நெனச்சாலே' என்பதைக் கவனியுங்கள். நினைக்கும் ஒவ்வொரு தடவையும் புதிதாக வருகிறது என்று அர்த்தம். தொடர்ந்து இருப்பதற்கு நம்மிடம் இரட்டைக்கிளவி இருக்கிறது, மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது 'திக் திக்குனு இருக்கு' என்போம். பகீரை யாரும் இரட்டிப்பதில்லை. 'பகீர் பகீர்னு இருக்கு' என்று நான் கேட்டதே இல்லை.

இரவுப்பணி

வராந்தாவில் ராத்திரி முழுக்கக் கேட்கிற சொல் அது. திக் திக். கடிகாரம் மாதிரியே.

ஏட்டுச்சுவடி

கதைக்கு வருவோம். சொற்பொருளை விட எனக்கு முக்கியமாகப் படுவது எழுவாய். 'அவள் திடுக்கிட்டாள்' என்றால் அவள் எழுவாய். எதிர் வீட்டுத் திண்ணையில் இருப்பவர்கூட அதைப் பார்க்கலாம், தோள் துள்ளியிருக்கும், பை நழுவியிருக்கும். 'அவளுக்குப் பகீரென்றது' என்றால் அவள் நான்காம் வேற்றுமைக்குத் தள்ளப்பட்டுவிடுகிறாள். அவள் எதுவும் செய்யவில்லை, அவளுக்கு நேர்கிறது. 'அடிவயிறு பகீரென்றது' என்றாலோ வயிறுதான் எழுவாய், அவள் வாக்கியத்திலேயே இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவள் பூட்டைப் பார்த்தபடி சும்மா நிற்பதாகத்தான் தெரியும். பகீரிட்டாள் என்று ஒரு வினை தமிழில் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது.

எனவே ஈரத்தூரிகை, கதையை அவள் கண்ணிலிருந்து சொல்கிறீர்களா, எதிர் வீட்டுத் திண்ணையிலிருந்தா?

ஈரத்தூரிகை

முழுக்க அவள் கண்ணிலிருந்துதான். இடித்தது இதுதான்! 'திடுக்கிட்டாள்' என்று போட்டதும் அந்த ஒரு வரிக்கு மட்டும் நான் தெருவில் இறங்கி நின்று அவளைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. பகீரையே வைத்துக்கொள்கிறேன். நண்பருக்கு இந்த இழையை அனுப்பியாயிற்று. "குறுந்தொகை வரைக்கும் போய்ட்டீங்களா" என்று மட்டும் பதில் வந்தது.

ஒரு சின்னச் சந்தேகம் மிச்சம். இரண்டு பக்கம் தள்ளி அவள் தன் அக்காவிடம் இதைப் போனில் சொல்கிறாள். அங்கே 'பகீர்ன்னு', 'பகீருன்னு', 'பகீர்னு' எது? அப்புறம் 'எனக்கு பகீர்' நடுவில் ப் வருமா?

ஒற்றெழுத்து

உரையாடலில் 'பகீர்னு' போதும். 'பகீர்ன்னு' என்றால் ர், ன், ன் என்று மூன்று மெய் நெருக்கியடிக்கும், வாயும் அப்படிச் சொல்வதில்லை. அந்தப் பாத்திரம் இழுத்துப் பேசுகிற ஆள் என்றால் 'பகீருன்னு' வைக்கலாம், ஆனால் கதை முழுக்க அப்படியே பேச வைக்க வேண்டும்.

கதை சொல்லும் இடத்தில் 'அவளுக்குப் பகீரென்றது', ப் கட்டாயம் வரும். 'அடிவயிறு பகீரென்றது' என்றால் எழுவாய், அங்கே மிகாது. உரையாடலுக்குள் 'எனக்கு பகீர்னு ஆயிருச்சுக்கா' என்று ஒற்றில்லாமல் விடுங்கள். பேசும்போது யாரும் ஒற்று மிகவைப்பதில்லை.

சும்மா_இரு

கதை வந்ததும் லிங்க் போடுங்க அக்கா. பூட்டை யாரு தொறந்தாங்கன்னு தெரியாம எனக்கு இங்க திக் திக்னு இருக்கு.